அக்சலோட்டல்: தொட்டிகளில் பெருகுகிறது, பிறந்த நீரில் அழிகிறது

மெக்சிக்கோவின் 50 பெசோ நாணயத்தாளில் ஓர் அக்சலோட்டல் இருக்கிறது. 2021 ஒக்ரோபரில் புழக்கத்துக்கு வந்த இந்த ஊதா நிறத் தாளுக்கு, அந்த ஆண்டின் சிறந்த நாணயத்தாள் என்ற சர்வதேச விருது கிடைத்தது. மக்களுக்கு அதைச் செலவழிக்க மனம் வரவில்லை. ஏறத்தாழ 12.9 மில்லியன் பேர் இந்தத் தாளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று மெக்சிக்கோவின் மத்திய வங்கி 2025 இல் தெரிவித்தது. இப்படிப் பெட்டிகளுக்குள் முடங்கிய பணத்தின் பெறுமதி சுமார் 150 மில்லியன் அமெரிக்க டொலர்.

அதே தாளில் அக்சலோட்டலுக்குப் பின்னால் வரையப்பட்டிருப்பது சொச்சிமில்கோ. மெக்சிக்கோ நகரின் தென்பகுதியில் உள்ள கால்வாய்ப் பிரதேசம் அது. உலகில் அக்சலோட்டல் இயற்கையாக வாழும் ஒரே இடமும் அதுதான். 2014 இல் அங்கு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு 36 அக்சலோட்டல்களே இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது.

ஊடகக் கற்கை படித்த எனக்கு இந்த விலங்கில் முதலில் கண்ணில் பட்டது, அதன் படத்துக்கும் அதன் உயிருக்கும் இடையே உள்ள தூரம். மைன்கிராப்ட் விளையாட்டில் 2021 இல் அக்சலோட்டல் சேர்க்கப்பட்ட பிறகு, அது எங்கே வாழ்கிறது என்று தெரியாத பிள்ளைகளுக்கும் அதன் பெயர் தெரியும். பொம்மைகள், மேற்சட்டைகள், தொலைபேசி உறைகள் என எல்லாவற்றிலும் அதன் சிரித்த முகம் இருக்கிறது. ஆய்வகங்களிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் அது ஏராளமாகப் பெருகுகிறது. ஆனால், அது உருவான நீரில் மட்டும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இது எப்படி நடந்தது, தொட்டியில் இருப்பதை எடுத்துக் கால்வாயில் விட்டால் ஏன் பிரச்சினை தீராது என்பதை விளங்கப்படுத்துவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

குடம்பியாகவே முதிரும் உயிரி

அக்சலோட்டல் மீன் அல்ல. அது சலமந்தர் வகையைச் சேர்ந்த ஈரூடகவாழி. இலங்கையில் தவளைகளும் தேரைகளும், மண்ணுக்குள் புழுப் போல வாழும் சிசிலியன்களும் உண்டு. ஆனால் முதிர்ந்த பிறகும் வாலோடு வாழும் ஈரூடகவாழி எதுவும் இங்கு இயற்கையாக இல்லை. அதனால் சலமந்தர் நமக்குப் பழக்கமற்ற விலங்கு. பல்லியின் உடலமைப்பும் தவளையின் ஈரத்தோலும் கொண்ட ஒன்றை எண்ணிக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும்.

தவளையின் வாழ்க்கை வட்டத்தை நாம் பாடசாலையில் படித்திருக்கிறோம். முட்டையிலிருந்து வாற்பேத்தை வரும்; அது செவுள்களை இழந்து, கால்கள் முளைத்து, தரைக்கு ஏறும். பல சலமந்தர்களும் இவ்வாறே உருமாறுகின்றன. அக்சலோட்டலோ குடம்பிப் பருவத்தைத் தாண்டுவதில்லை. தலையின் இரு பக்கமும் மும்மூன்றாக விரியும் இறகு போன்ற வெளிச்செவுள்கள், வாலைச் சுற்றிய மெல்லிய துடுப்பு, இமையில்லாத கண்கள் ஆகிய குழந்தைப் பருவ உறுப்புகளோடேயே அது இனவிருத்தி செய்யும் வயதை அடைந்து, நீரிலேயே வாழ்ந்து முடிக்கிறது. விஞ்ஞானிகள் இதனை நியோட்டனி என்கிறார்கள்.

இதற்குக் காரணம் தைரொயிட் ஓமோன். உருமாற்றத்தைத் தொடக்கி வைக்கும் அளவுக்கு அந்த ஓமோன் அக்சலோட்டலின் உடலில் சுரப்பதில்லை. 1920 இல் ஆங்கில உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி அக்சலோட்டல்களுக்கு மாட்டின் தைரொயிட் சுரப்பியை உணவாகக் கொடுத்தபோது, அவை செவுள்களை இழந்து தரைவாழ் சலமந்தர்களாக மாறின. அதாவது உருமாறும் ஆற்றல் அதன் உடலில் இன்னும் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவிதான் இல்லை. வற்றாத குளிர்ந்த ஏரியும் போதிய உணவும் உள்ள இடத்தில் தரைக்கு ஏற வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

முதிர்ந்த அக்சலோட்டல் சாதாரணமாக 23 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். சில 30 சென்ரிமீற்றர் வரை வளரும். செவுள்களால் மட்டுமன்றித் தோலாலும் சுவாசிக்கும். இடைக்கிடை மேலே வந்து காற்றையும் விழுங்கும். புழுக்கள், பூச்சிக் குடம்பிகள், சிறு இறால் வகைகள், சிறு மீன்கள் ஆகியவற்றை வாயைச் சட்டென்று திறந்து நீரோடு உறிஞ்சி உண்ணும். பெண் ஒரு தடவையில் நூறிலிருந்து ஆயிரம் முட்டைகள் வரை நீர்த்தாவரங்களில் ஒட்டி வைக்கும். இரண்டு கிழமைகளளவில் குஞ்சுகள் வெளிவரும். நல்ல பராமரிப்பில் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும்.

படங்களில் நாம் காணும் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை நிறம் அதன் இயற்கை நிறம் அல்ல. சொச்சிமில்கோவின் அக்சலோட்டல் கரும்பழுப்பு நிறமானது, புள்ளிகள் கொண்டது. சேற்றோடு சேர்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை நிறம் எப்படிப் பரவியது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

ஏரிகளின் மேல் எழுந்த நகரம்

மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவை விடவும் உயரம். மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் முன்னர் ஐந்து ஏரிகள் தொடர்ச்சியாக இருந்தன. அவற்றில் தென்பகுதியில் இருந்த சொச்சிமில்கோ, சால்கோ ஆகிய இரண்டும் ஊற்றுகளால் நிறைந்த நன்னீர் ஏரிகள். இவையே அக்சலோட்டலின் தாயகம்.

டெஸ்கோகோ ஏரியின் தீவொன்றில் மெக்சிக்கா மக்கள் 1325 அளவில் டெனோச்டிட்லான் நகரை அமைத்தார்கள். நாம் அஸ்டெக் என்று அழைக்கும் பேரரசின் தலைநகர் அது. ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கடுக்காகக் குவித்து மேடைகளை உயர்த்தி, ஓரங்களில் அஹுவெஹோத்தே என்ற வில்லோ மரங்களை நட்டு, அவற்றின் வேர்களால் கரையைக் கட்டினார்கள். இந்த மேட்டு வயல்களே சினாம்பா. ‘மிதக்கும் தோட்டங்கள்’ என்று அழைக்கப்பட்டாலும் அவை மிதப்பதில்லை. சினாம்பாக்களுக்கு இடையே ஓடிய ஒடுங்கிய கால்வாய்கள் அக்சலோட்டலுக்கு வாழிடமாயின. அதாவது இந்த விலங்கு மனிதரை விட்டு விலகிய காட்டில் வாழ்ந்த ஒன்றல்ல; விவசாயத்தின் நடுவே நூற்றாண்டுகளாக வாழ்ந்த விலங்கு. அதன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெயரும் அந்த மக்களுடையதே. நாவாட்டில் மொழியில் ‘அட்டல்’ என்றால் நீர். ஷோலோட்டல் என்பது ஒரு தெய்வத்தின் பெயர். பலியிடப்படுவதற்குப் பயந்து ஓடிய ஷோலோட்டல் முதலில் சோளப் பயிராகவும், பிறகு கற்றாழை போன்ற மகேய் செடியாகவும், இறுதியில் நீருக்குள் அக்சலோட்டலாகவும் உருமாறி ஒளிந்ததாகப் பழங்கதை சொல்கிறது. மக்கள் அதை உணவாகவும் உண்டார்கள். சுவாச நோய்களுக்கு மருந்தாகவும் பயன்படுத்தினார்கள்.

1521 இல் ஸ்பானியர்கள் நகரைக் கைப்பற்றிய பின்னர் நீரோடான உறவு மாறியது. அவர்களுக்கு ஏரி என்பது வெள்ள அபாயம். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பள்ளத்தாக்கின் நீரை வெளியேற்றும் வேலைகள் தொடங்கின. 1900 இல் பெரிய வடிகால் கால்வாய் திறக்கப்பட்டது. சால்கோ ஏரி வடிக்கப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொச்சிமில்கோவின் ஊற்றுநீர் குழாய்வழியே நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஊற்றுகள் வற்றின. அதன் பிறகு கால்வாய்களை நிரப்ப, நகரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு அனுப்பப்பட்டது. நன்னீரை எடுத்துக்கொண்டு கழிவுநீரைத் திருப்பிக் கொடுத்த இந்தப் பரிமாற்றம் இன்றும் தொடர்கிறது.

இன்று எஞ்சியிருப்பது சுமார் 170 கிலோமீற்றர் நீளமான கால்வாய் வலையமைப்பும் சில சிறு நீர்நிலைகளும். 1987 இல் யுனெஸ்கோ இதனை மெக்சிக்கோ நகரின் பழைய மையத்தோடு சேர்த்து உலக மரபுரிமையாக அறிவித்தது. 2004 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

6,000 இலிருந்து 36

1998 இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் சொச்சிமில்கோவில் சதுரக் கிலோமீற்றருக்கு சுமார் 6,000 அக்சலோட்டல்கள் இருந்தன. 2008 இல் 100. 2014 இல் 36. பதினாறு ஆண்டுகளில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் இல்லாமல் போயின. உள்ளூர் மீனவர்களைக் கொண்டு கால்வாய்களில் வலை வீசி, அகப்பட்டவற்றை வைத்து மதிப்பிட்ட எண்கள் இவை. மெக்சிக்கோ தேசிய சுயாதீனப் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் லூயிஸ் சம்பிரானோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆய்வுகளிலும் மீட்பு முயற்சிகளிலும் ஈடுபட்டு வருகிறார். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அக்சலோட்டல் அழிவின் விளிம்பில் உள்ள இனம். இயற்கையில் எஞ்சியுள்ள முதிர்ந்தவை 50 முதல் 1,000 வரை இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு.

காரணங்களில் முதலாவது நீர். மழை பலமாகப் பெய்யும்போது கழிவுநீர் நேரடியாகவே கால்வாய்களில் கலக்கிறது. பூச்சிகொல்லிகளும் உரங்களும் வயல்களிலிருந்து கழுவப்பட்டு வருகின்றன. தோலால் சுவாசிக்கும் உயிருக்கு அழுக்கு நீரிலிருந்து தப்ப வழியில்லை.

இரண்டாவது, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள். மக்களுக்குப் புரத உணவு கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தோடு கெண்டை மீனும் திலாப்பியாவும் சொச்சிமில்கோவில் விடப்பட்டன. அவை பெருகின. அக்சலோட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. அதன் உணவையும் தின்றன. முட்டையிடத் தேவையான நீர்த்தாவரங்களையும் கிளறி அழித்தன. அதற்கு முன்னர் அந்த நீரில் வேட்டையாடிகளின் வரிசையில் மேலே இருந்தது அக்சலோட்டல்தான். தன் முட்டையைத் தேடித் தின்னும் பெரிய மீனோடு வாழ அது பழகியிருக்கவில்லை.

திலாப்பியா நமக்கும் தெரிந்த மீன். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நமது குளங்களில் நன்னீர் மீன்பிடியின் முதுகெலும்பாக இருக்கிறது. ஒரு நாட்டின் சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பும் அதே மீன் இன்னொரு நாட்டின் கால்வாயில் ஓர் இனத்தையே அழிக்கலாம். மீனில் நன்மை தீமை இல்லை. எந்த நீரில், யாருடைய இடத்தில் விடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, நிலம் கைமாறுவது. சினாம்பா விவசாயம் கடின உழைப்பு, வருமானம் குறைவு. இளைய தலைமுறை நகருக்கு வேலைக்குப் போகிறது. கைவிடப்பட்ட சினாம்பாக்கள் சில உதைபந்தாட்டத் திடல்களாகவும் வார இறுதி விருந்திடங்களாகவும் மாறியுள்ளன. வண்ணப் படகுகளில் பாட்டும் கூத்துமாக வரும் சுற்றுலாப் பயணிகளால் உடனடி வருமானம் கிடைக்கிறது. ஆனால் பராமரிக்க ஆளில்லாத சிறு கால்வாய்கள் தூர்ந்துபோகின்றன.

பாரிஸுக்குப் போன 34

மெக்சிக்கோவில் பிரெஞ்சுப் படைகள் நிலைகொண்டிருந்த காலத்தில், 1864 இல், 34 அக்சலோட்டல்கள் கப்பலேறிப் பாரிஸ் சென்றடைந்தன. அவற்றில் ஆறு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஒகுஸ்ட் டுமேரில் என்ற விலங்கியலாளரின் கைக்கு வந்தன. ஐந்து ஆண், ஒரு பெண். ஆண்களில் ஒன்று வெள்ளை. அடுத்த ஆண்டே அவை முட்டையிட்டன. குஞ்சுகளில் சில வளர்ந்து, செவுள்களை இழந்து, யாரும் எதிர்பாராத வகையில் தரைவாழ் சலமந்தர்களாக மாறின. டுமேரில் வியந்துபோனார். அந்த வியப்பிலிருந்து பல ஆண்டு கால ஆய்வுகள் பிறந்தன.

டுமேரில் குஞ்சுகளை ஐரோப்பாவெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார். இன்று உலகின் ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் உள்ள அக்சலோட்டல்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. நாம் காணும் வெள்ளை நிறமும் அங்கிருந்தே பரவியது.

வெட்டினால் வளரும் கால்

ஆய்வாளர்கள் இதனை விடாமல் வளர்த்து வருவதற்கு முக்கிய காரணம் அதன் மீளுருவாக்க ஆற்றல். காலை இழந்தால், எலும்பு, தசை, நரம்பு, விரல்கள் என எல்லாவற்றோடும் முழுமையான கால் மீண்டும் வளரும். வால், தாடை, முண்ணாண், இதயத்தின் ஒரு பகுதி, மூளையின் சில பகுதிகள் ஆகியவற்றையும் அது மீண்டும் உருவாக்கும். தழும்புகூட இருக்காது.

நமக்குக் காயம் பட்டால் உடல் அவசரமாகத் தழும்பால் மூடிவிடுகிறது. அக்சலோட்டலில் காயத்தின் மேல் மெல்லிய தோற்படலம் மூடியதும், அதன் கீழே உள்ள கலங்கள் முதிர்ந்த நிலையிலிருந்து பின்னோக்கிச் சென்று ‘பிளாஸ்டீமா’ என்ற கலத்திரளாகச் சேர்கின்றன. முளைவிடும் மொட்டுப் போன்ற அந்தத் திரளிலிருந்தே புதிய உறுப்பு உருவாகிறது. மேற்கையில் வெட்டினால் முழுக்கையும், மணிக்கட்டில் வெட்டினால் உள்ளங்கை மட்டும் வளர்வது எப்படி என்பது நீண்டகாலக் கேள்வி. எங்கே நிற்கிறோம் என்பதைக் கலங்களுக்கு உணர்த்துவதில் ரெட்டினோயிக் அமிலத்தின் அளவு முக்கிய பங்கு வகிப்பதை அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன.

2018 இல் அதன் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது. 32 பில்லியன் இணைகள் கொண்ட அது மனிதருடையதைப் போலப் பத்து மடங்கு பெரியது.

தொட்டியில் உள்ளதை ஏன் கால்வாயில் விட முடியாது?

இவ்வளவு பெருகியுள்ள விலங்கை எடுத்துச் சொச்சிமில்கோவில் விட்டுவிடலாமே என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். எனக்கும் எழுந்தது. வாசிக்க வாசிக்க மூன்று பதில்கள் கிடைத்தன.

முதலாவது, அவை இப்போது ஒரே விலங்கல்ல. ஒன்றரை நூற்றாண்டாகச் சிறு கூட்டத்துக்குள்ளேயே இனவிருத்தி நடந்ததால் அவற்றின் மரபுப் பல்வகைமை குறுகிவிட்டது. போதாததற்கு, 1962 இல் அமெரிக்காவில் அல்பினோ நிறத்தைக் கொண்டுவருவதற்காக ஆய்வக அக்சலோட்டல் புலிச் சலமந்தருடன் கலப்புச் செய்யப்பட்டது. அந்தக் கலப்பின் சுவடு ஆய்வக வழிவந்தவற்றில் இன்றும் உள்ளது. இரண்டாவது, தொட்டிகளில் வளர்ந்தவை புதிய நோய்களைக் கொண்டு போகக்கூடும். மூன்றாவதும் முக்கியமானதும்: அதே அழுக்கு நீரில், அதே மீன்களுக்கு நடுவே விட்டால், விடப்பட்டவையும் அழியும். ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் இனத்துக்கு எண்ணிக்கை என்றுமே பிரச்சினையாக இருந்ததில்லை.

சினாம்பா புகலிடம்

அதனால்தான் சம்பிரானோவின் குழு விலங்கிலிருந்து தொடங்காமல் விவசாயியிடமிருந்து தொடங்கியது. சினாம்பா விவசாயிகளோடு உடன்பட்டு, அவர்களின் வயல்களுக்கு இடையே உள்ள சிறு கால்வாய்களைத் தூர்வாருகிறார்கள். அவற்றின் வாயில்களில் எரிமலைக் கற்களும் நீர்த்தாவரங்களும் கொண்ட வடிகட்டித் தடுப்புகளை அமைக்கிறார்கள். நீர் வடிகட்டப்பட்டு உள்ளே வரும். கெண்டையும் திலாப்பியாவும் வர முடியாது. விவசாயி இரசாயனங்களைத் தவிர்த்துப் பழைய முறையில், கால்வாய்ச் சேற்றில் நாற்று வளர்த்துப் பயிரிடுகிறார். அந்த விளைச்சலைத் தனி அடையாளத்தோடு நல்ல விலைக்கு விற்க உதவுகிறார்கள். இத்தகைய கால்வாய்கள் அக்சலோட்டலின் புகலிடங்களாகின்றன.

2025 இல் வெளிவந்த ஆய்வொன்று இந்த வழிக்கு நம்பிக்கை தருகிறது. பாதுகாப்பில் வளர்க்கப்பட்ட 18 அக்சலோட்டல்களுக்குச் சமிக்ஞைக் கருவி பொருத்தி, மீட்டமைக்கப்பட்ட இரண்டு நீர்நிலைகளில் விட்டுக் கண்காணித்தார்கள். கண்காணிப்புக் காலத்தில் அனைத்தும் உயிரோடிருந்தன. மீண்டும் பிடிக்கப்பட்டவை எடையும் கூடியிருந்தன. தொட்டியில் வளர்ந்த விலங்குக்கு வேட்டையாடத் தெரியுமா என்ற சந்தேகத்துக்கு இது ஒரு பதில். நீர் சரியாக இருந்தால் அது வாழும்.

பணம்தான் தட்டுப்பாடு. 600 பெசோ கொடுத்து ஓர் அக்சலோட்டலைப் பெயரளவில் தத்தெடுக்கும் திட்டமொன்றைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. முதல் ஆண்டில் 450,000 பெசோவுக்கு மேல் சேர்ந்தது. ஏறத்தாழ 26,000 டொலர். பெட்டிகளில் முடங்கிக் கிடக்கும் 150 மில்லியன் டொலர் நாணயத்தாள்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மடத்துக்குள் ஓர் உறவினர்

தொட்டியில் காப்பாற்றுவது வீண் என்று நான் சொல்லவில்லை. மேற்கு மெக்சிக்கோவின் பாட்ஸ்குவாரோ ஏரியில் அச்சோக்கே என்ற உறவினம் வாழ்கிறது. டுமேரிலின் பெயரையே விஞ்ஞானப் பெயரில் தாங்கிய அதுவும் அழிவின் விளிம்பில் உள்ளது. அங்குள்ள டொமினிக்கன் சபைக் கன்னியாஸ்திரிகள் அதிலிருந்து இருமல் பாணி தயாரித்து விற்று வந்தார்கள். ஏரியில் அது அருகியதும் மடத்துக்குள்ளேயே தொட்டிகள் வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று அந்த மடத்தில் உள்ள கூட்டம் இனத்தின் முக்கிய காப்பாக இருக்கிறது. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியல் பூங்கா அவர்களோடு சேர்ந்து பணியாற்றுகிறது. ஆனால் அந்தத் தொட்டிகளும் ஏரி திருந்தும் வரை காத்திருக்கும் இடங்கள்தாம்.

நமக்கு இதில் என்ன?

அக்சலோட்டலை வீட்டில் வளர்க்க விரும்புபவர்கள் முதலில் அறிய வேண்டியது, அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும் என்பதை. 14 முதல் 20 பாகை செல்சியஸ் வரை அதற்கு உகந்தது. 24 பாகையைத் தாண்டினால் நலிவுறும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இரவு பகலாக நீரைக் குளிரூட்டும் கருவி இல்லாமல் அது வாழாது. வளர்க்க முடியாமல் போனால் குளத்திலோ ஆற்றிலோ விடுவதும் கூடாது. சொச்சிமில்கோவின் கதையே அப்படி விடப்பட்ட உயிர்களால் நேர்ந்த கதைதான்.

இன்னொன்றும் உண்டு. உலகில் அழிந்துபோனவையாகச் சிவப்புப் பட்டியலில் உள்ள ஈரூடகவாழிகளில் கணிசமான பங்கு இலங்கையின் சிறு தவளைகள். அவற்றில் பல, 19 ஆம் நூற்றாண்டில் சேகரிக்கப்பட்டு அருங்காட்சியகப் போத்தல்களில் இருக்கும் மாதிரிகள் மூலமே அறியப்படுகின்றன. எந்த நாணயத்தாளிலும் இடம்பெறாமலேயே அவை போய்விட்டன. 1853 இல் விபரிக்கப்பட்டு, அழிந்ததாகக் கருதப்பட்ட ஒரு தவளை இனம் 2009 இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. அந்தக் காடு நின்றதால்தான் அது கிடைத்தது.

சொச்சிமில்கோவிலும் நிலைமை இதுவே. அங்கே கால்வாயைத் தூர்வாரி, வடிகட்டியைச் சரிசெய்து, மருந்தடிக்காமல் கீரையும் பூவும் பயிரிடும் விவசாயி அந்தத் தொழிலில் நின்றுபிடிக்க வேண்டும். அவருடைய கீரைக்குக் கிடைக்கும் விலையில்தான் அக்சலோட்டலின் அடுத்த கணக்கெடுப்பு தங்கியிருக்கிறது.